பாதிக் குளிசை

பதுளை
23.11.1980

அன்பு மகன் காமிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் நீ உடல் நலத்தோடும் மன நிம்மதியோடும் இருக்க அல்லாஹ்விடம் கேட்டபடி எழுதுகிறேன். நாங்களும் இங்கே நலம் என்பது அடுத்த வரியாக வர வேண்டும். வரும், ஆனால் அதற்கு முன் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பயப்படாதே. உன் வாப்பா உயிரோடு இருக்கிறார், நடக்கிறார், இன்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தை வியாபாரம் என்று காலையிலேயே குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் எழுதுகிறேன், இருந்தால் இதை எழுதாதே அதை எழுதாதே என்று பக்கத்தில் நிற்பார். மழை விட்டபாடில்லை, ஹாலி-எலப் பக்கம் மண் சரிந்து இரண்டு நாள் ரயில் ஓடவில்லை, உன் கடிதம்கூட அதனால்தான் தாமதமாக வந்தது. தங்கச்சி ஹம்ஸியாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது, படிக்கிறாளோ இல்லையோ புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறாள்.

தீபாவளி வியாபாரம் சூடாக நடந்துகொண்டிருந்த வாரம் அது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து சனம் வந்து கடை நிறைந்து நின்றிருக்கிறது. வாப்பா துணி அளந்துகொண்டிருந்தபோது அளவுகோல் கையிலிருந்து விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் பார்த்தால் வலது கை வரவில்லை. விலை கேட்ட பெண்ணுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தால் வாய் ஒரு பக்கமாகப் போய்விட்டது. அவள் முதலாளி பகடி பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தாளாம். கடையிலிருந்து ஆள் வந்து வகுப்பில் படிப்பித்துக்கொண்டு நின்ற என்னைக் கூப்பிட்டது. நான் ஓடிப் போவதற்குள் கையும் திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. பிளேன்டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை, பித்தம் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் குடும்பத்தில் எந்த வியாதிக்கும் பித்தம் என்றுதான் பெயர். இதயத்துக்குள் வால்வு கெட்டு மூச்சு வாங்கியபோதும் இரண்டு வருடம் பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தவர்தானே.

அடுத்த நாளே கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, குளிசையை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். கேட்ட விதத்தில், படிக்காத பெண்பிள்ளை மறந்துவிட்டிருப்பாள் என்ற எண்ணம் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகை முடிந்ததும் குளிசையையும் தண்ணீரையும் நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கிறேன், ஒரு நாளும் தவறியதில்லை என்றேன். அப்படியானால் இந்த இரத்தம் ஏன் இவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று அவர் கேட்டார். இரும்பு வால்வு வைத்த ஒருவர் இரத்தம் கட்டாமல் இருக்கிற குளிசையை ஆயுள் முழுதும், அளவு குறையாமல் விழுங்க வேண்டும், குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளும், அதில் ஒரு துணுக்குக் கழன்று மூளைக்குப் போனதுதான் அன்று கடையில் நடந்தது, இந்தத் தடவை தானாகக் கரைந்துவிட்டது, அடுத்த தடவையும் கரையும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உன் வாப்பா யன்னல் வழியாக வாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. டொக்டர் குளிசையின் அளவைக் கூட்டி எழுதித் தந்தார். வாசலுக்கு வந்ததும் வாப்பா சொன்ன முதல் வார்த்தை, கூட்டி எழுதினால் காசும் கூடுமே என்பது.

காசைப் பற்றி உனக்கு நான் இதுவரை எழுதியதில்லை. அங்கே வெயிலில் உழைக்கிற பிள்ளைக்கு எதற்கு என்றுதான். ஆனால் நீ பெரியவாப்பாவுக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்தபிறகு எழுதாமல் இருப்பது மடத்தனம். வாப்பாவின் ஒப்பரேசனுக்கு இந்தியாவுக்குப் போன நேரம் உனக்கு நினைவிருக்கும். ஊரே நம் வீட்டில் இருந்தது. புஹாரி பெரியவாப்பா லொறி ஒன்றை விற்றுக் காசு கொடுத்தார், அதை நான் ஒருநாளும் இல்லையென்று சொல்ல மாட்டேன். அவரும் யாரையும் மறக்க விட்டதில்லை. உயிரோடு திரும்பி வந்ததற்கு மாடு அறுத்துக் கந்தூரி கொடுத்தார்கள், பள்ளிவாசல் வரைக்கும் சனம் நின்று சாப்பிட்டது. ஒப்பரேசன் ஒரு நாள் வேலை, கந்தூரி ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகுதான் இந்தச் சின்னக் குளிசை வந்தது. அதற்கு ஊர்வலம் இல்லை, பார்க்க வருகிறவர்கள் இல்லை, கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு மேடை இல்லை. மாதம் பிறந்தால் வாங்க வேண்டும், அடுத்த மாதமும் வாங்க வேண்டும், இரத்தம் பார்க்கக் கண்டிக்குப் போக வேண்டும். என் சம்பளத்தில் வீட்டுச் செலவு போனால் மிச்சம் அதற்குத்தான். கடையில் வருவது கடைக்கே காணாது, இப்போது நடைபாதையெல்லாம் வெளிநாட்டு உடுப்பைக் குவித்து விற்கிறார்கள்.

நாங்கள் கண்டியிலிருந்து வந்த அன்று பெரியவாப்பா பார்க்க வந்தார். அளவு கூடியதைச் சொன்னேன். அவர் போத்தலை எடுத்து எழுத்தைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் படித்தார். இந்த மருந்தின் பெயர் அவருக்குத் தெரியும், தோட்டத்துத் தேயிலை ஸ்டோர்களுக்குச் சாமான் ஏற்றுகிறவர் அல்லவா. "ஸுபைரா, இது எலிக்குப் போடுற மருந்தெல்லோ. ஸ்டோருக்குள்ள மூலைக்கு மூலை சும்மா கொட்டி வெச்சிரிக்கிறானுகள். யூனிவர்சிட்டி படிச்ச நீங்க போய் இதுக்கு இவ்வளவு காசு குடுக்கிறீங்களே" என்றார். வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், உன் வாப்பாதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார். எலி நாலு நாளில் செத்துவிடும் மச்சான், அதற்கு மாதா மாதம் வாங்கத் தேவையில்லை, அதனால்தான் மலிவு என்றேன். அதற்குப் பிறகு பேச்சு உன் கடிதத்துக்குப் போனது. மகன் அடுத்த வருடம் வாப்பாவை ஹஜ்ஜுக்கு அழைக்கப் போகிறான், அதற்காகத்தான் காசு சேர்க்கிறான், வீட்டுக்கு அனுப்புவதைக் குறைத்திருக்கிறான் என்று பெரியவாப்பா வாசித்துக் காட்டினார். எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். பிளேன்டீத் தட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நானும் நின்றேன். ஹஜ்ஜில் அரஃபா வெளியில் நிற்க வேண்டியவருக்கு அதுவரைக்கும் நிற்க இரத்தம் ஓட வேண்டும் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

இனித்தான் முக்கியமானது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெயர் வீரய்யா, தெமோதரைப் பக்கத் தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர், நம் கடையில் துணி எடுக்கிறவர் என்ற அளவுக்கு எனக்கு முகம் தெரியும். முதலாளிக்குச் சுகமில்லை என்று கடையில் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மடியிலிருந்து தேயிலைப் பைக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் பாதி பாதியாக உடைத்த குளிசைகள். "மொதலாளி மாத்திரைங்கம்மா. டாக்டரு அவருக்குப் பாதியாக் கொறைச்சிட்டாரு, மீதி வீணாத்தான் போவுதுன்னு சொல்லிக் குடுத்தாருங்க. இப்ப இப்படி ஆயிருச்சேன்னு கேட்டதும் எனக்கு மனசே கேக்கலைங்க. வீணாப் போறதைத்தான் வாங்குறோம்னு நெனைச்சேன், சத்தியமா வேற தெரியாதுங்க" என்றார். உன் வாப்பா அப்போது உள்ளே கட்டிலில் இருந்தார்.

விஷயம் இதுதான். வீரய்யாவின் மனைவி மாரியாயிக்கும் அதே வால்வு வைத்திருக்கிறது. முப்பது வயதுதான், கொழுந்து எடுக்கிற பெண், மூன்று பிள்ளைகள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தைத் தின்றுவிட்டதாம். அரசாங்கம் ஒரு சதம் வாங்காமல் ஒப்பரேசன் செய்து அனுப்பியிருக்கிறது. கிளினிக்கில் மருந்து இருக்கிற மாதம் கொடுப்பார்கள், இல்லாத மாதம் துண்டில் எழுதி வெளியே வாங்கச் சொல்வார்கள், இல்லாத மாதங்கள்தான் அதிகம். நெஞ்சைத் திறந்து மூடுவது இலவசம், அதற்குப் பிறகு உயிரோடு இருக்கத்தான் விலை. வெளியே வாங்குவதென்றால் இரண்டு பேரின் சம்பளத்தில் பாதி போய்விடும். ஒரு நாள் வீரய்யா அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபார்மஸியில் விலை கேட்டுத் திரும்பி, நம் கடைப் படியில் மழைக்கு ஒதுங்கி நின்றிருக்கிறார். உன் வாப்பா துண்டை வாங்கிப் பார்த்திருக்கிறார். தன் மருந்தின் பெயர். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் கையில் கொடுக்கிற குளிசையைப் பல்லால் இரண்டாக்கி ஒரு பாதியை விழுங்கி, மற்றப் பாதியைக் கன்னத்தில் ஒதுக்கி, நான் குவளையோடு திரும்பியதும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார். ஐம்பத்தைந்து வயது மனிதர், கடை முதலாளி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பிட் அடிக்கும்போதுகூட நான் பிடித்துவிடுவேன், இதைப் பிடிக்கவில்லை.

வீரய்யா போனபிறகு உள்ளே போய்க் கேட்டேன். காசு கொடுத்திருக்கலாமே என்றேன். காசு எடுத்தால் நீ கணக்குக் கேட்பாய், புஹாரி நானாவிடம் கேட்டால் பள்ளிவாசல் முழுதும் தெரியும் என்றார். பிறகு, "அவளுக்கும் எனக்கும் நெஞ்சுக்குள்ள ஒரே சாமான்தான் ஈக்கிது. ஆளுக்குப் பாதி உசிராவது கிடைக்கட்டும் எண்டு நெனச்சேன்" என்றார். ஸக்காத்தைப் பிரிப்பதுபோலப் பிரித்திருக்கிறார். அரிசியைப் பிரிக்கலாம், துணியைப் பிரிக்கலாம். பாதி அரிசியில் பாதி வயிறு நிறையும், இந்தக் குளிசையில் பாதி விழுங்கினால் பாதி பிழைப்பது இல்லை, இரண்டு பேருமாகச் சாவதுதான் என்று சொன்னேன். கடுமையாகத்தான் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நன்மை செய்தவர் என்று நீ அவரைப் பாராட்டி எழுதிவிடாதே, அதைப் படித்தால் அடுத்த மாதம் கால் பங்கு விழுங்குவார்.

போன சனிக்கிழமை ரயில் ஓடத் தொடங்கியதும் நான் தெமோதரைக்குப் போனேன். ஸ்டேசனில் வீரய்யா குடையோடு நின்றார். அவர்கள் குடியிருக்கும் லயம் வரைக்கும் ஏறுவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது, வால்வு வைத்தவள் ஒவ்வொரு நாளும் கூடையோடு ஏறி இறங்குகிறாள். மாரியாயி எனக்கு ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தான் நிலைப்படியில் நின்றாள். ஒல்லியான பெண், பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை மூச்செடுக்கிறாள், ஆனால் வாய் சும்மா இருக்காது. புருசன் முதலாளிக்கு வினை வைத்துவிட்டான் என்று அவனை என் முன்னாலேயே திட்டினாள். நீ எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். "பேர் போடுற நாளைக்கு மட்டுந்தாங்கம்மா. மலையேறுற அன்னிக்குத்தானே நெஞ்சு அடிச்சுக்குது. ஞாயித்துக்கெழமை, மழையில வேல நிறுத்துற நாளு, வூட்டுல சும்மாதானே இருக்கேன், அதுக்கு எதுக்கு வெல கூடுன மாத்திரை?" என்றாள். வேலைக்குப் பெயர் பதியாத நாளில் சம்பளம் இல்லை, அதனால் மருந்தும் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கணக்கிலேயே வளர்ந்தவள், வால்வும் பேர் பார்த்துத்தான் வேலை செய்யும் என்று நினைத்திருக்கிறாள். நீ சும்மா இருக்கும்போதும் நெஞ்சு அடிக்கிறதா இல்லையா என்றேன். கையை வைத்துப் பார்த்தாள். அடிக்குதுங்க என்றாள். அப்படியானால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்றேன். அவள் சிரித்துவிட்டு, "தொரைமாருக்குக்கூட ஞாயித்துக்கெழமை உண்டுங்களே" என்றாள். ஆக, நான் கொடுத்த முழுக் குளிசை உன் வாப்பா வாயில் பாதியாகி, அந்தப் பாதியும் மழை நாளில் இல்லாமல் போய், கடைசியில் ஒருவருக்கும் உதவவில்லை. இத்தனை நல்லவர்கள் சேர்ந்து இவ்வளவு நல்லதாக ஒரு மருந்தை வீணாக்கியதை நான் பார்த்ததில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. நீ அனுப்பிய ரேடியோ கெசட்டை விற்றுவிட்டேன். நல்ல செட், வெளிச்சம் சிவப்பும் பச்சையுமாக ஓடும், வந்தவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்தார்கள். வாங்கினது உன் பெரியவாப்பா. சொன்ன விலையைக் குறைக்கவே இல்லை, அன்றே காசை எண்ணிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். எலி மருந்துக்கு நீளாத கை பாட்டுப் பெட்டிக்கு எவ்வளவு சுலபமாக நீண்டது என்பதை மட்டும் கவனித்து வைத்துக்கொள். அந்தக் காசில் வாப்பாவுக்கும் மாரியாயிக்கும் முழுக் குளிசையாக வாங்கியிருக்கிறேன், தைப்பொங்கல் வரைக்கும் காணும். மாரியாயியை அடுத்த வாரம் எங்களோடு கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் பார்க்கப் போகிறேன், அவளுக்கு எவ்வளவு தேவை என்று அளந்து பார்க்காமல் கொடுத்தால் கூடினாலும் ஆபத்து, மூக்கிலும் வயிற்றிலும் இரத்தம் போய்விடுமாம். வாப்பா இப்போது என் முன்னால் விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிறார். முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டார், பிறகு பழகிவிட்டது. நேற்று நாக்கைத் தூக்கியும் காட்டினார், ஹம்ஸியா சிரித்தாள். செட் நன்றாகப் பாடுகிறது என்று மகனுக்கு ஒரு வரி எழுதிவிடு, பாவம், ஆசையாக அனுப்பினான் என்று கேட்டுக்கொண்டார். பாடுகிறது, பெரியவாப்பா வீட்டில். அது பொய்யில்லை, எழுதிவிட்டேன்.

ஹஜ் கடமை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வசதியும் உடம்பும் உள்ளவருக்குத்தான் கடமை, அதையும் நீ ஓதியிருக்கிறாய். முதலில் அவர் நடக்கட்டும். நீ பெரியவாப்பாவுக்கு எழுதினால் அது ஊர் முழுதும் வாசிக்கப்படும், கேட்க நன்றாகத்தான் இருக்கும், எனக்கும் உன்னைப் புகழும்போது காது மூடிக்கொள்வதில்லை. ஆனால் ஒரு தடவை பெரிதாகக் கொடுக்க யாராலும் முடியும், லொறி விற்றவர் கொடுத்தார், ஊர் கொடுத்தது. மாதா மாதம், யாரும் பார்க்காமல், யாரும் மாஷா அல்லாஹ் சொல்லாமல் கொடுக்கத்தான் எனக்கு ஒரு மகன் வேண்டும். அங்கே இந்தக் குளிசை இங்கே விற்கிற விலையில் கால் பங்குகூட இல்லை என்று டொக்டர் சொன்னார். நீ விசாரித்துப் பார். பெயரையும் பலத்தையும் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், எழுத்துக்கு எழுத்து அதையே பார்த்து வாங்கு, நிறம் மாறினால் பலம் மாறும், மலிவு என்று வேறு எதையும் வாங்கிவிடாதே. தெமோதரைக்காரி பாவம், அவளுக்கும் ஏதாவது என்று தனியாக மனமிரங்கி ஒன்றும் எழுத வேண்டாம், அவளுக்கு இரக்கம் தேவையில்லை, குளிசைதான் தேவை.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் வெறும் தலையோடு திரியாதே. சிகரெட் பிடிக்கிறாய் என்று ஊருக்கு வந்தவர் ஒருவர் சொன்னார், நான் நம்பவில்லை, நீயும் என்னை நம்பவைக்கும்படி நடக்காதே. இந்த இதயம் உன் வாப்பாவிடமிருந்து உனக்கும் வந்திருக்கலாம், படியேறும்போது மூச்சு வாங்கினால் பித்தம் என்று சொல்லாமல் டொக்டரிடம் போ. நாங்கள் இங்கே நலம். இப்போது அதை எழுதலாம். உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் அல்லாஹ் தரட்டும், வாப்பா ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கேட்கிறார், நான் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை, நானும் கேட்கிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அனுப்பும்போது இரண்டு பேருக்கும் சேர்த்து அனுப்பு. ஒருவருக்குக் காணும் அளவு அனுப்பினால் அது மறுபடியும் இரண்டாகிவிடும். வாயைத் திறந்து காட்டச் சொல்லலாம், நான் பள்ளிக்கூடம் போன நேரம் உன் வாப்பாவின் கையை யார் பிடிப்பது?

இப்படிக்கு,
உன் உம்மா
ஸுபைரா